இருபத்திமூன்றாம் நம்பர் கிழங்கு

ஆவி பறக்கிறது. மணி ஆறேகால். புல்வெளி பூராவும் உப்பைக் கொட்டிப் பரப்பின மாதிரி உறைபனி வெளுத்துக் கிடக்கிறது, காலை எடுத்து வைத்தால் பூட்ஸுக்குக் கீழே நொறுங்குகிறது, அந்த வெள்ளைக்கு நடுவில், என் ஐரிஸ் பாத்தியின் மேலேயே, ஒரு குவியல் குதிரை லத்தி சுடச்சுட ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போன வருஷம் நானே கூடை கூடையாக அள்ளிக்கொண்டு வந்து கொட்டினேன், இந்த வருஷம் குதிரையே நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கேட்டைத் திறந்து போட்டது அந்த டிரைவர்தான், வேறு யார். கோயம்புத்தூரிலிருந்து பங்களா முதலாளி வசுந்தராம்மாவைக் கொண்டுவந்து இறக்கினவன் குளிர் தாங்காமல் அப்படியே கம்பளிக்குள் போயிருப்பான். ஊட்டியில் ராத்திரி கேட்டைத் திறந்து போடுவது தெருக்குதிரைகளை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி என்று கீழ்நாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும். பாத்தியை மூடி வைத்திருந்த மிலார்ப் புதர்க் கிளைகளையெல்லாம் உதைத்துத் தள்ளியிருக்கிறது, கிழங்குகளுக்குப் பக்கத்தில் அணை கொடுத்திருந்த ஓட்டுச் சில்லுகள் ஆளுக்கொரு மூலையில். கிழங்கு? கிழங்கு என்ன ஆச்சு? அமலோற்பவம், வாயை மூடு, முதலில் தகட்டு நம்பரைப் பார்த்து எண்ணு, எண்ணிவிட்டு அப்புறம் திட்டு. மூன்று இருக்கிறது. ஒன்பது இருக்கிறது. பதினேழு, பதினெட்டு, இரண்டும் இருக்கின்றன. முப்பது, முப்பத்தொன்று, நாற்பது. அந்தக் கோடியில் ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபத்திநாலு. பத்து. பதினொன்றாவது எங்கே? இருபத்திமூன்று எங்கே? லத்திக்கு அந்தப் பக்கம், குளம்பு பதிந்த குழிக்கு ஒரு சாண் தள்ளி, மண்ணுக்கு மேலே முழுசாக வந்து, வேரைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. சேசுவே, மிதிபடவில்லை. மிதிபடவில்லை, அது போதும்.

குதிரை தூக்கினதல்ல இது, பனி தூக்கினது. குதிரைமேல் இருக்கிற கோபத்தில் அதற்குச் சேராத பழியையும் போடக்கூடாது, பழி போடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாதா. இந்தத் தலைகுந்தா பள்ளத்தில் டிசம்பர் பாதியிலிருந்து இதே கதைதான். ஈரமண் ராத்திரி உறையும்போது உள்ளேயிருந்து ஊசி ஊசியாக ஐஸ் முளைத்து வருகிறது, முளைக்கிற ஊசி மண்ணைத் தூக்குகிறது, மண்ணோடு கிழங்கையும் தூக்குகிறது. ஒன்பது மணிக்கு வெயில் பட்டு ஐஸ் உருகினால் மண் இறங்கிவிடும், கிழங்கு இறங்காது, தூக்கின இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். மறுநாள் ராத்திரி இன்னும் கொஞ்சம். அதற்கும் மறுநாள் இன்னும் கொஞ்சம். பத்து நாளில் வேர் வெளியே வந்து காய்ந்து செத்துப்போகும். குளிரில் செத்தது என்று எல்லாரும் சொல்லுவார்கள். குளிரில் சாகிற ஜாதியே இல்லை ஐரிஸ், உறைந்தே கிடந்தால் கல் மாதிரி கிடக்கும், உறைவதும் உருகுவதுமாக அல்லாடினால்தான் அதற்கு ஆகாது. வேர் நன்றாகப் பிடித்திருந்தால் இவ்வளவு ஆட்டம் போடாது, ஆகஸ்டில் நட்டிருக்க வேண்டும், மழை விட்டால்தானே, அக்டோபரில்தான் நட முடிந்தது. அதனால்தான் மிலார். இங்கே பார்க்கிலும் பங்களாவிலும் நாற்றின்மேல் பனி விழாமல் இருக்க மிலாரைப் பரப்புவார்கள், காலையில் வெயிலுக்கு எடுத்துவிடுவார்கள். நான் எடுப்பதில்லை. பகலிலும் கிடக்கட்டும், வெயில் சடாரென்று மண்ணில் விழாமல் இருக்கட்டும், உருகுவது மெல்ல உருகட்டும் என்று விட்டுவிடுகிறேன். கம்பளி போர்த்திச் சூடு ஏற்றுகிற வேலை இல்லை இது, சூட்டை உள்ளே விடாமல் இருக்கிற வேலை. இது எனக்குப் புரிய ஒரு வருஷமும் ஐம்பத்திமூன்று கிழங்கும் ஆயின. இப்போது மணி ஆறு இருபது. கிழக்கே கற்பூர மரங்களுக்கு மேல் வெயில் ஏறி இந்தப் பாத்தியைத் தொட இன்னும் ஒரு மணி நேரம். அதற்குள் லத்தியை அள்ளி, சில்லை வைத்து, புது மிலார் வெட்டி மூடியாக வேண்டும். ஏழரைக்கு வசுந்தராம்மா காபியோடு வெளியே வருவார். நேற்றே போனில் சொல்லிவிட்டார்: “காலைல வந்து சாவிய உன் கையில தர்றேன் அமலோற்பவம். இனிமே இந்தத் தோட்டத்துக்கு மேஸ்திரி நீதான். உன் வீட்டுக்காரன் கெடுத்ததை நீ நேராக்கிட்டே.” நான் என்ன சொன்னேன்? “சரிங்கம்மா” என்றேன். சரிங்கம்மா! நாக்கு அழுகிப் போகாதா எனக்கு.

கையுறை. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. போன வருஷம் வெறுங்கையால் அள்ளினேன். இதே மாதிரி விடிகாலைதான், ரோட்டோரம் குதிரைகள் நின்றிருந்த இடத்தில் லத்தி ஆவி விட்டுக்கொண்டிருந்தது, விறைத்துப்போன விரலை அதன்மேல் காட்டினேன், வெதுவெதுவென்று இருந்தது, அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. இவ்வளவு சூடு சும்மா ரோட்டில் கிடக்கிறதே, அங்கே ஐரிஸ் குளிரில் விறைக்கிறதே. என் வீட்டுக்காரர் சவரிமுத்து ஊரில் இல்லை. கோயம்புத்தூரில் அவர் அக்காவுக்குக் கண் ஆபரேஷன், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆளில்லை, பத்து நாள் போயிருந்தார். அவர் மேஸ்திரி, நான் தினக்கூலி. போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார், “புல்லுக்குத் தண்ணி அடி, மத்தத எதையும் தொடாத” என்றார். தொடாத என்றால் எனக்குப் பொறுக்குமா. வந்து பார்த்து மனுஷன் அசந்து போகட்டும் என்று, அறுபத்திநாலு கிழங்குக்கும் மெத்தை மாதிரி நாலு விரற்கடை உயரத்துக்குப் பச்சை லத்தியைப் பரப்பினேன். பரப்பிவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை, பிள்ளைக்குக் கம்பளி போர்த்திவிட்ட மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன். ஐரிஸ் கிழங்கு முதுகு வெளியே தெரிய, காற்றும் வெயிலும் பட்டுக் கிடக்க வேண்டிய ஜென்மம். அதன்மேல் பச்சை எருவைப் போட்டால் வெந்து, கொழகொழத்து, உள்ளுக்குள்ளேயே அழுகும். அழுகியது. அதோடு விட்டதா. இங்கே வழக்கம் ஒன்று உண்டே, விடிகாலை வெயில் வருவதற்குள் தண்ணீர் அடித்து உறைபனியைக் கழுவிவிடுவது. நான் அடித்த தண்ணீர் லத்தியில் விழுந்து, சரிவில் இறங்கி, கீழே சமையலறைக்கு வளர்க்கிற லெட்டூஸ் பாத்திக்குப் போயிருக்கிறது. பழுப்பாகத்தான் ஓடியது. பார்த்தேன். எரு தண்ணீர் கீரைக்கு நல்லதுதானே என்று நினைத்தேன்.

நினைக்காதே. குனி, அள்ளு. இந்த மண்வெட்டி இப்போது லத்திக்கு மட்டும், சமையல் பாத்திப் பக்கம் போகாது, சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். பக்கெட்டில் போட்டு அந்த மூலைக்கு, கீழ்ச்சரிவில் யாருக்கும் தண்ணீர் இறங்காத மூலைக்கு. அங்கே என் குவியல் இருக்கிறது, மார்ச்சில் ஆரம்பித்தது, சருகும் லத்தியுமாக மாற்றி மாற்றிப் போட்டு, தார்ப்பாய் மூடி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை புரட்டி, இப்போது கையில் எடுத்தால் சோலைக்குள் இருக்கிற மண்ணின் வாசனைதான், லத்தி என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். அதைக்கூட ஐரிஸ் மேல் போடமாட்டேன். வசந்தத்தில் ஒரு பிடி, கிழங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வட்டமாக, அவ்வளவுதான். இன்றைக்கு வந்த பச்சை லத்தி அந்தக் குவியலில் சேராது, பக்கத்தில் தனிக் குவியல், அடுத்த வருஷத்துக்கு. ஐயோ. மணிக்கட்டு எரிகிறது. கையுறைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் ஒரு கோடு, ரத்தம், எப்போது கிழித்தது, மிலார்க் குச்சியா, லத்தியை அள்ளும்போதா? லத்தியை அள்ளும்போது என்றால். குதிரை லத்தியில் இருக்கிற விஷம் காயத்தில் ஏறினால் தாடை பூட்டிக்கொள்ளும், வாயைத் திறக்க முடியாது, முதுகு வில்லாக வளையும். காந்தலில் குதிரை மேய்த்த அந்தோணியப்பனை அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் அப்போது ஆறாம் வகுப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது மாதிரி இருந்தது அவர் முகம். வாய் பூட்டிக்கொண்டால் ஏழரைக்கு எப்படிப் பேசுவேன்? பைத்தியமே, ஒரு மணி நேரத்திலா பூட்டும். ஆகஸ்டில் ஊசி போட்டுக்கொண்டாயே, சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா அட்டையில் எழுதிக்கூடக் கொடுத்தார்களே. ஆமாம். போட்டேன். குழாயைத் திற, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவு, தண்ணீர் எலும்பைக் கடிக்கிறது, கடிக்கட்டும். இவ்வளவு குளிர்ந்த தண்ணீரில்தான் அந்த மனுஷன் விடியற்காலை மூன்று மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார்.

கேரட் கழுவுகிற மிஷினில். மூட்டை மூட்டையாகக் கேரட் கொட்டுவார்கள், மிஷின் உருட்டி உருட்டிக் கழுவும், பக்கத்தில் நின்று மண்ணையும் இலையையும் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பூவைத் தொட்ட கை. வீட்டுக்கு வந்தால் விரல்கள் வெளுத்து, வெடித்து, தோசையைப் பிட்கக்கூட வலிக்கிறது அவருக்கு. அதைப் பார்த்துக்கொண்டே நான் தோசை சுடுகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்றால், என்ன நடந்தது, எத்தனை தடவை இதை ஓட்டிப் பார்ப்பேன், ஒரு தடவையாவது வேறு மாதிரி நடக்காதா. பெரியய்யா, வசுந்தராம்மாவின் அப்பா, எண்பத்திரண்டு வயது, மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்தவர், ஐரிஸுக்கெல்லாம் அலுமினியத் தகட்டில் நம்பர் அடித்துக் கட்டினவர், அவருக்கு வாந்தியும் பேதியும். சமையல்கார அக்காவுக்கும் வந்தது, இரண்டு நாளில் எழுந்துவிட்டார். பெரியய்யா எழவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, கையில் டிரிப்ஸ், முகம் சுருங்கிப் பிஞ்சு முகம் மாதிரி ஆகிவிட்டது. பச்சையாக என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். லெட்டூஸ் என்றதும் வசுந்தராம்மா நேரே தோட்டத்துக்கு வந்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாத்தியின் பக்கத்தில் நின்றார். “இத யாரு போட்டது?” என்றார். நான் அங்கேதான் நின்றேன், கூடையோடு. அந்த நேரம் பார்த்து சவரிமுத்து கேட்டுக்குள் வருகிறார், கையில் பை, கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக. பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். “நான்தாம்மா. ஊருக்குப் போறதுக்கு முந்தி போட்டுட்டுப் போனேன்” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது, முழுங்கினேன். நிரந்தர வேலைக்காரரைத் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், தினக்கூலியை அன்றைக்கே துரத்திவிடுவார்கள், அவர் அப்படிக் கணக்குப் போட்டிருப்பார், நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். இரண்டு பேர் கணக்கும் தப்பாகிப் போனது. “எங்கப்பா பொழச்சதே பெரிசு. இவ்வளவு வருஷம் தோட்டத்துல இருந்தவன் பண்ற வேலையா இது?” என்று அவரை அன்றைக்கே நிறுத்திவிட்டார். பாவம் பார்த்து என்னை வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நான் அழுதேன், “விடு அமலு, ஆனது ஆச்சு” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. தோட்டத்தைப் பற்றியே பேச்சில்லை. வேண்டுமென்றே நான் ஆரம்பிப்பேன், ரோஜாவுக்குக் கவாத்து பண்ணினேன் என்பேன், ரசத்தில் உப்புக் குறைவு என்பார். மார்ச்சில் அழுகல் தோண்டி எடுக்கும்போது பதினொன்று தேறியது என்று சொன்னேன். எந்தப் பதினொன்று என்றுகூடக் கேட்கவில்லை. இருபத்திமூன்று அவருக்குச் செல்லம், கருநீலத்தில் கத்தரிக்காய்த் தோல் மாதிரி பூக்கும், பூத்தால் மதியம் சாப்பிடக்கூட அதன் பக்கத்தில்தான் உட்காருவார். அதைக்கூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு அறை விட்டிருந்தால் திருப்பி இரண்டு கேட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். இந்த மனுஷன் எதுவும் கேட்காமல் என்னைக் கொல்கிறார்.

சரி, இருபத்திமூன்றே, வா. கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கிறாய். அழுகினதை எல்லாம் கத்தியால் அரிந்து தள்ளி, வெட்டின வாயில் கரித்தூள் தடவி வைத்த மிச்சம், ஒரே ஒரு கண். அந்தக் கண் இன்னும் பச்சையாக இருக்கிறதா? இருக்கிறது. நகத்தால் தொட்டால் கெட்டியாக இருக்கிறது. மண் இப்போது கல், இதில் உன்னை அழுத்தினால் வேர் ஒடிந்துபோகும், அவசரப்படமாட்டேன். சாமான் வைக்கிற குடிசையில் காய்ந்த மணல் வைத்திருக்கிறேன், அதை வேரின்மேல் மூடுகிறேன், முதுகை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஓட்டுச் சில்லை அணை கொடுக்கிறேன். பதினோரு மணிக்கு மண் இளகும்போது வந்து அழுத்திக்கொள்ளலாம். நாளைக்கும் மேலே வருவாய், நாளைக்கும் அழுத்துவேன். நீ சலித்துப் போகிறாயா நான் சலித்துப் போகிறேனா பார்ப்போம். விடிகாலைத் தண்ணீர் அடிப்பதை இந்தப் பாத்திக்கு டிசம்பர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டேன், ஈரம் இல்லாவிட்டால் ஐஸுக்கு வேலை இல்லை. எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எல்லாம் சரியாகச் செய்யச் செய்ய என்ன ஆகிறது? பெண்டாட்டிக்குத் தெரிந்தது புருஷனுக்குத் தெரியவில்லை என்று ஆகிறது. ஒவ்வொரு கிழங்கும் பிழைக்கப் பிழைக்க சவரிமுத்து இன்னும் கொஞ்சம் மட்டமாகிறார். மே மாதம் பதினொன்றும் பூத்தால் பார்க்க வருகிறவர்களிடம் வசுந்தராம்மா சொல்லுவார், முன்னாடி ஒருத்தன் இருந்தான், எரு போடத் தெரியாமல் எல்லாத்தையும் அழுக வைத்தான், இவள் வந்துதான் காப்பாற்றினாள் என்று. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அப்படி என்றால் கிழங்கு சாகட்டும் என்று விட்டுவிடுவதா? விடமாட்டேன். இதுகளைக் கொன்றது நான், காப்பாற்றுவதும் நான்தான். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

மிலாரை வெட்டு. சரிவில் போய் வெட்டு, இளம் கிளையாகப் பார்த்து, இலை நெருக்கமாக. மணி ஏழு. கற்பூர மரத்தின் உச்சியில் வெயில் மஞ்சளாகப் பட்டுவிட்டது, இன்னும் இறங்கி வரவேண்டும். தவசு காலத்தில் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியாரிடம் சொன்னேன். அங்கே சொல்வது சுலபம், திரைக்குப் பின்னால் காது மட்டும்தான் இருக்கிறது. ஐந்து பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார், அப்புறம், “சொல்ல வேண்டிய இடம் இது மட்டும் இல்லம்மா” என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு என்ன கோபம். பெரியய்யா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன், வந்தார், தடி ஊன்றி நடக்கவே ஒரு மாதம், இப்போது வேண்டாம் என்று விட்டேன். ஈஸ்டர் கழியட்டும் என்றேன். மழை விடட்டும் என்றேன். கிழங்கு நட்டாகட்டும், பிடிக்கட்டும் என்றேன். வாக்கியத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். அம்மா, அன்னைக்கு லத்தி போட்டது நான்தான். ஐந்து வார்த்தை. பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று கேட்டார். சொன்னால் என்ன ஆகும்? அவருடைய அப்பாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் நான் என்று ஆகும். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு அவர் வீட்டுக் காபியைக் குடித்தவள் என்று ஆகும். போகச் சொல்லுவார். போகிறேன். கேரட் மிஷினில் இன்னொரு ஆளுக்கு இடம் இல்லாமலா போகும். ஆனால் இந்தப் பதினொன்றை யார் அழுத்துவார்கள்? பிப்ரவரி முடிகிற வரைக்கும் தினமும் அழுத்த வேண்டுமே. பார், பார், மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், கிழங்கைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேன். போன வருஷம் லத்தி மெத்தை, இந்த வருஷம் இது. வேண்டாம். சாவி கைக்கு வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். வாங்கிக்கொண்டு சொன்னால் அது வேறு. சாவிக்கு முன்னால்.

மூன்று, மூடியாயிற்று. ஒன்பது. பதினேழும் பதினெட்டும் ஒரே கிளைக்குக் கீழே. இலையை அமுக்கக்கூடாது, குடை பிடிக்கிற மாதிரி சாய்த்து நிறுத்த வேண்டும், உள்ளே காற்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் புழுக்கம், மறுபடியும் அழுகல். முப்பது, முப்பத்தொன்று. வெயில் புல்வெளியின் அந்தக் கோடியைத் தொட்டுவிட்டது, தொட்ட இடத்தில் உறைபனி கறுத்துத் தண்ணீராகிறது, கோடு நகர்ந்து வருகிறது. நாற்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு. கதவு திறக்கிற சத்தம். இப்போதேவா? ஏழரை ஆகவில்லையே. திரும்பிப் பார்க்காதே, அறுபத்திநாலை மூடு. வசுந்தராம்மா ஸ்வெட்டர் பையில் கையை விட்டுக்கொண்டு வருகிறார், அவருக்குப் பின்னால் குரங்குத் தொப்பியும் தடியுமாகப் பெரியய்யா. பெரியய்யா எதற்கு? அவர் இந்தக் குளிரில் வெளியே வரவே மாட்டாரே. அவர் முன்னால் எப்படிச் சொல்வது. அம்மா, அன்னைக்கு. அம்மா, அன்னைக்கு லத்தி.

“என்ன அமலோற்பவம், விடியறதுக்குள்ளயே வேலையா? குளிர் தாங்குதா?” வசுந்தராம்மா சிரிக்கிறார். பையிலிருந்து சாவிக்கொத்து வெளியே வருகிறது, குடிசைச் சாவி, பம்ப் அறைச் சாவி, சவரிமுத்து இடுப்பில் தொங்கிக் கிடந்த அதே பித்தளை வளையம். “நானும் வர்றேன்னு அப்பாவும் வந்துட்டாங்க. இந்தா.” நான் கையை நீட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “அம்மா,” என்றேன். என் குரலா அது. “போன வருசம் இந்தப் பாத்தியில லத்தி போட்டது நான்தாம்மா. அவர் இல்ல.” ஐந்து வார்த்தை பத்தாகி வந்தது, வந்துவிட்டது, அவ்வளவுதான், இனி முழுங்க முடியாது. வசுந்தராம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, எங்கே போவது என்று தெரியாமல். “என்ன சொல்றே?” என்றார். “அவரு ஊர்லயே இல்லைங்கம்மா. அக்காவுக்குக் கண்ணு ஆபரேசன்னு பத்து நாளு போயிருந்தாரு. பனிக்குக் கதகதப்பா இருக்கும்னு நான்தான் அள்ளிட்டு வந்து போட்டேன். தண்ணி அடிச்சதும் நான்தான். அது கீழ ஓடிக் கீரைக்குப் போனத கண்ணால பாத்தேன். அவரு வந்து எறங்கினதும் எனக்காகச் சொல்லிட்டாரு. நான் வாயத் தொறக்கல.” பெரியய்யாவைப் பார்த்தேன். பார்க்காமல் சொல்லக்கூடாது. “நீங்க ஆஸ்பத்திரில படுத்தது என்னாலங்கய்யா.”

பெரியய்யா தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு பாத்தியைப் பார்த்தார், மிலாரைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார். “பச்சை லத்தியா?” என்றார். “ஆமாங்கய்யா.” “எத்தனை இன்ச் போட்டே?” எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. “நாலு விரக்கடைங்கய்யா. மூணு இன்ச் இருக்கும்.” “மூணு இன்ச்!” என்றார், ஆஸ்பத்திரியைச் சொன்னபோது வராத கோபம் இப்போது வந்தது அவருக்கு, “ஐரிஸ் மேலயா? மூணு இன்ச்சா? ஏம்மா, உனக்கு மூளை இருக்கா?” “அப்ப இல்லைங்கய்யா,” என்றேன். வசுந்தராம்மா மட்டும் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஒரு வருசமா எங்கூடப் பேசிட்டே இருந்திருக்கே,” என்றார் மெதுவாக, “இப்ப எதுக்குச் சொல்றே? சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது.” “கெழங்கு பொழச்சிரும் போல இருக்குதுங்கம்மா,” என்றேன், “பொழச்சா அந்தப் பழி அவரு மேலயே நின்னுரும்.” அவருக்குப் புரிந்ததோ இல்லையோ. சாவிக்கொத்தைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். “மூடி முடிச்சிட்டு உள்ள வா. பேசணும்” என்று திரும்பி நடந்தார். வேலை போனதா இருக்கிறதா, அந்த முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெரியய்யா இரண்டடி போய் நின்றார். “சவரிமுத்துவ வரச் சொல்லு. நான் அவன்கிட்டப் பேச வேண்டியது இருக்கு.”

வெயில் இன்னும் நாலடி தூரத்தில் இருக்கிறது. ஒரே கிளை பாக்கி. அதை இருபத்திமூன்றின்மேல் சாய்த்து நிறுத்தினேன், அடியை மண்ணில் குத்த முடியவில்லை, கல்லை அணை வைத்தேன். கோடு வந்தது, பாத்தியின்மேல் ஏறியது, மிலார் இலையில் எல்லாம் பளபளவென்று தண்ணீர். குனிந்து உள்ளே பார்த்தேன், இலைக்குக் கீழே மண் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. இருக்கட்டும். கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, போனை எடுத்தேன். விரல் விறைத்துப்போய் மூன்று தடவை தப்பாக அழுத்தினேன். மிஷின் இரைச்சலோடுதான் எடுத்தார். “என்ன அமலு, இந்நேரத்துல? என்ன ஆச்சு?” “சொல்லிட்டேன்,” என்றேன். “என்னத்த?” “லத்தி போட்டது நான்னு. வசுந்தராம்மாகிட்ட. பெரியய்யாவும் இருந்தாரு.” அந்தப் பக்கம் கேரட் உருளுகிற சத்தம் மட்டும். யாரோ சவரி, சவரி என்று கூப்பிட்டார்கள். ஏன் சொன்னே என்று கேட்கப் போகிறார், கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன், இன்றைக்கு யாரோடும் சண்டை போடத் தயார். சத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று, மிஷினை விட்டு வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது. “இருபத்திமூணு இருக்கா?” என்றார்.

ஒரு வருஷம். எனக்கு அழுகை வந்துவிட்டது, சத்தம் போட்டே அழுதேன், டிரைவர் எட்டிப் பார்த்தான், பார்க்கட்டும். “இருக்குதுங்க,” என்றேன், “ஒரே ஒரு கண்ணு. பச்சையா இருக்குது. வேருதான் புடிக்கல, தெனமும் மேல வந்துருது.” “சில்லு வச்சியா?” “வச்சிருக்கேன்.” “முதுகு மேல வெக்காத புள்ள, பக்கத்துல வையி.” “தெரியுங்க. பக்கத்துலதான் வச்சிருக்கேன்.” “மண்ணு எளகட்டும், அழுத்தாத, நான் வந்து பாக்கறேன்,” என்றார், “பதினோரு மணிக்கு ஷிப்டு முடியுது, நேரா வர்றேன்.” “வாங்க,” என்றேன், மூக்கைச் சிந்திவிட்டு. “உள்ள வந்ததும் கேட்டை மட்டும் சாத்திருங்க.”